கறுப்பு அடுக்கு வரை

மண் பரிசோதனைச் சீட்டில் மணிச்சத்துக்கு, அதாவது பாஸ்பரஸுக்கு, நேராக ஒரே ஓர் எண் இருக்கும். பக்கத்தில் குறைவு, நடுத்தரம், அதிகம் என்று ஒரு சொல். இந்தப் போகத்துக்கு டிஏபி போடலாமா வேண்டாமா என்று தீர்மானிக்க விவசாயிக்கு அது போதும். ஆனால் அந்த நிலத்திலிருந்து வடியும் தண்ணீர் ஓர் ஏரிக்குப் போகிறது என்றால், அந்த ஓர் எண்ணை வைத்துக்கொண்டு நான் வாய் திறக்கமாட்டேன். ஃபுளோரிடாவின் ஓகிச்சோபி ஏரிக்கு வடக்கே உள்ள மேய்ச்சல் நிலங்களில் மண் எடுத்து எடுத்து உறுதிப்பட்ட எண்ணம் இது. இந்த மண்ணில் பாஸ்பரஸ் எவ்வளவு இருக்கிறது என்று கேட்டு நிறுத்திக்கொண்டால் பாதிதான் கேட்டிருக்கிறோம். இன்னும் எவ்வளவுக்கு இடம் இருக்கிறது, அந்த இடம் எந்த ஆழத்தில் இருக்கிறது, மழைநீர் அதைத் தொட்டுக்கொண்டு போகிறதா, தொடாமலே போகிறதா என்பதெல்லாம் மீதிப் பாதி.

ஓகிச்சோபி சின்ன ஏரி இல்லை. பரப்பு சுமார் 1,900 சதுர கிலோமீட்டர். ஆனால் சராசரி ஆழம் மூன்று மீட்டருக்கும் குறைவு. பெருங்காற்று அடித்தால் அடிச்சேறு கலங்கி மேலே வரும். வடக்கிலிருந்து கிஸ்ஸிம்மி ஆறும் டெய்லர் கிரீக், நப்பின் ஸ்லூ போன்ற ஓடைகளும் மேற்கிலிருந்து ஃபிஷ்ஈட்டிங் கிரீக்கும் வந்து சேர்கின்றன. அந்த ஓடைகள் வடிகின்ற நிலம் பெரும்பாலும் தட்டையான மணல். மேட்டுக்கும் பள்ளத்துக்கும் ஓர் ஆள் உயரம்கூட வித்தியாசம் இராது. ஜூன் முதல் அக்டோபர் வரை கொட்டும் மழையில் நிலத்தடி நீர் புல்லின் வேர் வரை ஏறிவிடும். ஏப்ரலில் போனால் ஒரு மீட்டருக்குக் கீழே இறங்கியிருக்கும். மண் எடுக்க ஏப்ரல்தான் நல்ல மாதம். மழைக்காலத்தில் துளை போட்டால் பக்கவாட்டு மணல் சரிந்து, மேல்மண்ணும் கீழ்மண்ணும் கலந்துவிடும்.

அந்தத் துளையைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல ஆசை. மயாக்கா என்பது அந்தப் பகுதியின் முக்கியமான மண்வகை. ஃபுளோரிடாவில் 15 லட்சம் ஏக்கருக்கு மேல் பரவிக் கிடப்பதால் மாநில மண் என்ற அந்தஸ்தும் அதற்கு உண்டு. ஆகர் என்ற துளைக்கருவியை வைத்து முறுக்கினால் முதலில் வருவது சாம்பல் நிற மேல்மண். வெளுத்த மணல் துகளும் கருத்த மட்கும் கலந்த மண். அடுத்து நிறம் வெளுத்துக்கொண்டே போகும். ஒன்றரை அடி, இரண்டடியில் வருவது ஏறக்குறைய வெள்ளை மணல். கையில் எடுத்தால் விரலிடுக்கில் ஒழுகிப் போகும், உள்ளங்கையில் எந்தக் கறையும் ஒட்டாது. துகள்மேல் இருந்த இரும்பு, அலுமினியப் பூச்சையெல்லாம் ஆயிரக்கணக்கான ஆண்டு மழை கழுவிக் கீழே கொண்டுபோய்விட்டது. பிறகு திடீரென்று ஆகர் கனக்கும். முறுக்கும் கைக்கு அது தெரியும். மேலே இழுத்தால் ஈரக் காபித்தூள் நிறத்தில் ஒரு மண். தேய்த்தால் கையெல்லாம் கரிய பழுப்பு. மேலே கழுவப்பட்ட அலுமினியமும் மட்குப் பொருளும் வந்து படிந்த அடுக்கு அது. அந்த நிலத்தில் பாஸ்பரஸைப் பிடித்து வைக்கும் வல்லமை பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது.

எங்களோடு வேலைக்குச் சேர்ந்த தேனிப் பக்கத்துப் பையன் ஒருவன் முதல் வாரத்தில் கேட்டான்: "அண்ணே, ஆறு அங்குலம், பன்னண்டு அங்குலம்னு அளந்து எடுத்துட்டா வேலை சட்டுனு முடிஞ்சிருமே?"

"முடிஞ்சிரும்ப்பா. ஆனா வெள்ளை மணல்ல பாதி, கறுப்பு மண்ணுல பாதின்னு ஒரே பைக்குள்ள விழுந்துரும். எங்கயுமே இல்லாத ஒரு மண்ணுக்கு ரிசல்ட் வாங்கிட்டு வருவோம்."

அதனால் அளவுகோல் பார்த்து எடுப்பதில்லை, அடுக்கு பார்த்து எடுக்கிறோம். ஆகரில் வரும் ஒவ்வொரு பிடியையும் பிளாஸ்டிக் விரிப்பில் வந்த வரிசையிலேயே கிடத்திக்கொண்டு போக வேண்டும். நிறம் மாறும் இடத்தை வெயிலில் ஒரு தரம், நிழலில் ஒரு தரம் பார்க்க வேண்டும். ஒவ்வொரு பிடியின் மேல்பகுதியையும் வெளிப்பக்கத்தையும் கத்தியால் சீவி எறிந்துவிட வேண்டும், ஏனென்றால் துளைக்குள் உதிர்ந்த மேல்மண் அங்கேதான் ஒட்டியிருக்கும். பழைய மாட்டுத் தொழுவத்தின் மேல்மண் ஒரு சிட்டிகை விழுந்தாலும் வெள்ளை மணலின் கணக்கு கெட்டுப்போகும். அதே காரணத்துக்காகத்தான் சுத்தமான நிலத்தில் தொடங்கி அழுக்கான நிலத்தில் முடிக்கிறோம். காலையில் மாடே கட்டாத காட்டு ஓரம், பிறகு மேய்ச்சல் நிலம், கடைசியில் மாடுகள் கூடி நின்ற இடம்.

மாடுகள் கூடி நின்ற இடத்தைக் கண்டுபிடிப்பது தனிக் கலை. கொட்டகை போய் பல வருஷம் ஆகியிருக்கும், வேலியும் இருக்காது. ஆனால் தண்ணீர்த் தொட்டி இருந்த இடம், கேட் இருந்த இடம், ஒற்றை மர நிழல் ஆகியவற்றைச் சுற்றிப் புல் வேறு பச்சையில் நிற்கும். நம்மூர் குப்பைமேட்டில் முளைக்கும் அதே முள்ளுக்கீரை அங்கேயும் மாட்டு எருவைத் தேடி முளைக்கிறது. அதைக் கண்டால் நின்று துளை போடுவேன். இயற்கையான நிலையில் அந்த மேல்மண்ணில் மொத்த பாஸ்பரஸ் ஒரு கிலோவுக்குச் சில பத்து மில்லிகிராம்தான். பால்பண்ணையில் மாடுகள் அடைந்து நின்ற இடத்திலோ ஆயிரத்தைத் தாண்டும்.

அது எப்படி வந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மியாமி நகரம் வளர வளர, 1950களில் பால்பண்ணைகள் வடக்கே ஏரிப் பக்கம் நகர்ந்தன. தீவனம் வெளியிலிருந்து வந்தது. பாலும் மாடும் வெளியே போயின. தீவனத்தில் வந்த பாஸ்பரஸில் பாலோடு போனது ஒரு பங்கு, சாணமாக நிலத்தில் தங்கியது மற்றொரு பங்கு. மேய்ச்சல் நிலங்களுக்கு உரமும் போட்டார்கள். 1962 முதல் 1971 வரை கிஸ்ஸிம்மி ஆற்றை நேர்க்கால்வாயாக வெட்டினார்கள். 166 கிலோமீட்டர் வளைந்து நெளிந்து ஓடிய ஆறு 90 கிலோமீட்டர் நேர்க்கோடானது. வெள்ளம் பரவி நின்ற சதுப்பெல்லாம் வறண்டது. 1986 கோடையில் ஏரியில் சுமார் 300 சதுர கிலோமீட்டருக்கு நீலப்பச்சைப் பாசி படர்ந்தது. அடுத்த ஆண்டே பால்பண்ணைகளுக்குச் சட்டம் வந்தது. கழிவுநீரைத் தேக்கு, மாட்டை ஓடையில் இறங்கவிடாதே என்று சொன்னது சட்டம். சில பண்ணைகள் அரசின் இழப்பீட்டை வாங்கிக்கொண்டு மூடிவிட்டன. 2001இல் ஏரிக்கு ஆண்டுக்கு 140 டன்னுக்கு மேல் பாஸ்பரஸ் வரக்கூடாது என்று வரம்பு கட்டினார்கள். அதில் 35 டன் வானத்திலிருந்து மழையோடும் தூசோடும் விழுவது. ஏரி நீரில் லிட்டருக்கு 40 மைக்ரோகிராம் என்பது இலக்கு. நடைமுறையில் ஆண்டுக்கு 500 டன்னை ஒட்டி வந்துகொண்டே இருந்தது. மாடு போன பிறகும் வந்தது.

ஏன் வந்தது என்பதற்கு அந்த மணல்தான் பதில் சொல்ல வேண்டும். ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் விமலா நாயரும் வில்லி ஹாரிஸும் இதற்கு ஒரு வழி கண்டார்கள். எனக்கு அவர்கள் வழி மிகவும் பிடித்தது, ஏனென்றால் அது களத்தில் நிற்பவன் கேட்கும் கேள்விக்கே விடை தேடுகிறது. மண்ணிலுள்ள பாஸ்பரஸையும், அதைப் பிடித்துக்கொள்ளும் இரும்பு, அலுமினியத்தையும் ஒரே சாற்றில் அளந்து விகிதம் எடுக்கிறோம். அந்த விகிதம் ஓர் எல்லைக்குக் கீழே இருக்கும்வரை மண் நீரில் பாஸ்பரஸை அநேகமாக விடாது. எல்லையைத் தாண்டியதும் நீரில் பாஸ்பரஸ் சட்டென்று ஏறத் தொடங்கும். ஆக்சலேட் கரைசலில் அளந்தால் அந்த எல்லை சுமார் 0.15. எல்லைக்கும் இப்போதைய விகிதத்துக்கும் உள்ள இடைவெளியை இரும்பு, அலுமினிய அளவால் பெருக்கி மில்லிமோலை மில்லிகிராமாக மாற்றினால், இந்த மண்ணில் இன்னும் எத்தனை மில்லிகிராமுக்கு இடம் உண்டு என்று வந்துவிடும். விடை கழித்தல் குறியோடு வந்தால் மண் ஏற்கெனவே கடன்பட்டு நிற்கிறது, வரும் தண்ணீருக்கு அது கொடுக்கத்தான் போகிறது என்று பொருள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வெள்ளை மணலில் இரும்பும் அலுமினியமும் சேர்ந்து கிலோவுக்கு 3 மில்லிமோல் என்று வைத்துக்கொள்வோம். பாஸ்பரஸே இல்லாத புது மணலாக இருந்தாலும் அதில் கிலோவுக்கு 14 மில்லிகிராமுக்குத்தான் இடம். 40 சென்டிமீட்டர் கனமுள்ள அந்த அடுக்கு முழுவதும் ஒரு ஹெக்டேரில் 84 கிலோவைத் தாங்கும், அவ்வளவுதான். கீழே கறுப்பு அடுக்கில் 60 மில்லிமோல் என்று வைத்தால், 25 சென்டிமீட்டர் கனத்திலேயே ஹெக்டேருக்கு ஆயிரம் கிலோவுக்கு மேல் இடம் இருக்கும். ஒரே துளையில் இரண்டடி இடைவெளியில் இருக்கிற வித்தியாசம் இது. மேல் ஆறு அங்குலத்தை மட்டும் சுரண்டி ஆய்வகத்துக்கு அனுப்பியவருக்கு இது தெரிய வழியே இல்லை.

இன்னொரு சோதனையும் எனக்கு நெருக்கமானது. ஒரே மண்ணைப் பல குப்பிகளில் போட்டு, ஒவ்வொன்றிலும் பாஸ்பரஸ் அளவு வேறான கரைசலை ஊற்றி ஒரு நாள் முழுக்கக் குலுக்கி வடிகட்டுகிறோம். வடிநீரில் மாலிப்டேட்டும் அஸ்கார்பிக் அமிலமும் சேர்த்தால் நீலம் ஏறும், மர்ஃபியும் ரைலியும் 1962இல் சொன்ன முறைப்படி. நீலம் எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு பாஸ்பரஸ். வரிசையாக வைத்துப் பார்த்தால் சில குப்பிகளில் ஊற்றியதைவிடக் குறைந்திருக்கும், அங்கே மண் வாங்கிக்கொண்டது. சிலவற்றில் ஊற்றியதைவிடக் கூடியிருக்கும், அங்கே மண் கொடுத்தது. நடுவில் எங்கேயோ வாங்காமலும் கொடுக்காமலும் நிற்கும் ஒரு செறிவு இருக்கும். அந்த மண்ணின் சமநிலை அதுதான். அதைவிடச் சுத்தமான தண்ணீர் வந்தால் மண் தன்னிடமுள்ளதை அவிழ்த்துவிடும். ஓடையின் மேல்பகுதியில் பண்ணையைச் சீர்செய்து நல்ல தண்ணீரை விட்ட பிறகும் கீழே ஓடை தெளிவதற்கு ஏன் இவ்வளவு காலம் பிடிக்கிறது என்று ஊர்க்கூட்டங்களில் கேட்பார்கள். இந்தக் குப்பிகளைக் காட்டிவிட்டால் வேறு விளக்கம் தேவைப்படாது. நல்ல தண்ணீர்தான் வாய்க்கால் அடிமண்ணிலிருந்து பழையதை இழுக்கிறது.

அங்கே தேங்கியது எந்த வடிவில் தேங்கியது என்பதும் முக்கியம். பண்ணை நிலத்து மேல்மண்ணில் பாஸ்பரஸின் பெரும்பங்கு கால்சியத்தோடும் மக்னீசியத்தோடும் கட்டுண்டு கிடக்கிறது. கால்சியத்தோடு சேர்ந்தால் கெட்டியாகிவிடும், கரையாது என்று பாடப்புத்தகம் படித்தவர் நினைப்பார். சுண்ணாம்புச் சத்துள்ள கரிசலில் அப்படித்தான் நடக்கும். இங்கேயோ சாணத்தில் வந்த மக்னீசியமும் கரைந்த மட்குப் பொருளும் அதைப் படிகமாக விடாமல் தடுக்கின்றன. ஆகையால் ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துகொண்டே இருக்கும். கைவிடப்பட்டு நெடுநாளான பண்ணையிலும் இது நடக்கிறது.

பக் ஐலண்ட் பண்ணையில் பல ஆண்டுகள் நடந்த ஒரு சோதனையை நான் புதியவர்களுக்கு எப்போதும் சொல்வேன். ஏரியின் வடமேற்கே உள்ள பெரிய மாட்டுப்பண்ணை அது, ஆய்வுக்கென்றே நடப்பது. மேய்ச்சல் நிலத்தைப் பாத்திகளாகப் பிரித்து, சிலவற்றில் மாடே விடாமல், சிலவற்றில் குறைவாக, சிலவற்றில் நிறைய விட்டு, வடியும் நீரை அளந்தார்கள். மாட்டு எண்ணிக்கை கூடினாலும் குறைந்தாலும் வெளியேறிய பாஸ்பரஸில் சொல்லும்படியான மாற்றம் இல்லை. 1980களின் நடுப்பகுதி வரை மணிச்சத்து உரம் வாங்கிய பாத்திகளுக்கும் வாங்காத பாத்திகளுக்கும் இடையில்தான் பல மடங்கு வித்தியாசம் இருந்தது. உரம் நிறுத்தி எத்தனையோ ஆண்டு கழித்தும் நிலம் அதை விட்டுக்கொண்டிருந்தது. இன்றைக்கு அந்த நிலத்தை வைத்திருக்கும் மாட்டுக்காரரைக் குற்றவாளிபோல் நிறுத்திப் பேசுவதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியாததற்கு இந்தச் சோதனையும் ஒரு காரணம். அவர் போடாத உரத்துக்கு அவர் நிலம் கணக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

சரி, புல்லை அறுத்து வெளியே அனுப்பிவிட்டால் பாஸ்பரஸும் போய்விடாதா? போகும். ஆனால் அளவைப் பாருங்கள். 20 சென்டிமீட்டர் மேல்மண் ஒரு ஹெக்டேரில் சுமார் 2,800 டன். கிலோவுக்கு ஆயிரம் மில்லிகிராம் என்றால் 2,800 கிலோ பாஸ்பரஸ். நல்ல விளைச்சலில் அறுத்த புல் ஆண்டுக்கு இருபது, முப்பது கிலோவை எடுத்துப்போகும். ஏறக்குறைய நூறு வருஷ வேலை. ஏரிப்படுகை முழுவதையும் கணக்கிட்ட கே. ஆர். ரெட்டியும் அவர் குழுவினரும் இதே திசையில்தான் வந்து சேர்ந்தார்கள். புதிதாக எதையும் சேர்க்காவிட்டாலும், நிலத்தில் ஏற்கெனவே தேங்கியிருப்பது ஆண்டுக்கு 500 டன் வீதம் அரை நூற்றாண்டு முதல் ஒரு நூற்றாண்டுக்கு மேல் வரை ஏரிக்கு வந்துகொண்டிருக்கப் போதும் என்றார்கள். ஒரு கிலோ பாஸ்பரஸ் இரண்டரைக் கோடி லிட்டர் தண்ணீரை அந்த 40 மைக்ரோகிராம் இலக்கின் விளிம்பு வரை ஏற்றிவிடும் என்பதை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். விவசாயிக்குக் கண்ணில் படாத இழப்பு, ஏரிக்கு மலைபோன்ற வரவு.

நீலகிரியிலிருந்து வந்த ஒருவரிடம் இதைச் சொன்னால் முதலில் நம்பமாட்டார். அங்கே உருளைக்கிழங்கு போடுபவரின் குறையே வேறு. செம்மண்ணில் இரும்பும் அலுமினியமும் மண்டிக் கிடப்பதால், போட்ட மணிச்சத்தை மண் இறுகப் பிடித்துக்கொண்டு பயிருக்கு விடாது. அந்தப் புளிப்பு மண்ணில் பாஸ்பரஸ் நகர வேண்டுமானால் மண்ணே நகர வேண்டும். சரிவில் மழை மண்ணை அரித்துப் போகும்போது அதோடு போகும். அதனால் அங்கே வரப்பும் படிக்கட்டு நிலமும் காப்பு. ஓகிச்சோபியில் மண் அசையாது. தண்ணீர் கண்ணாடிபோலத் தெளிவாக வடியும், பாஸ்பரஸ் அதில் கரைந்தே போய்விடும். வரப்பு கட்டி அதைத் தடுக்க முடியாது. ஒரே சத்து, இரண்டு மண், இரண்டு வைத்தியம். தஞ்சாவூர் வயலில் தண்ணீர் கட்டியதும் காற்றில்லாமல் இரும்பு இளகி பாஸ்பரஸ் நெல்லுக்குக் கிடைக்கிறது, நமக்கு அது நன்மை. ஃபுளோரிடா மணலில் பிடிப்பு பெரும்பாலும் அலுமினியத்தால் வந்தது, காற்று போனதால் மட்டும் அது இளகாது. ஆனாலும் பழைய மேய்ச்சல் நிலத்தை மறுபடி சதுப்பாக்கித் தண்ணீரை நிறுத்தினால் முதல் சில ஆண்டுகள் மேல்மண்ணில் தளர்வாகக் கிடப்பது நீரில் வந்துவிடும். ஆகவே சதுப்பு மீட்கும் இடத்தைத் தேர்ந்தெடுக்கும் முன் துளை போட்டுப் பார்க்கச் சொல்கிறேன். முள்ளுக்கீரை முளைத்த இடத்தை முழுக வைக்காதீர்கள் என்று வாதாடியும் இருக்கிறேன்.

தண்ணீர் எந்த வழியில் போகிறது என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். கறுப்பு அடுக்கில் இவ்வளவு இடம் இருந்தும் ஏரிக்குப் பாஸ்பரஸ் போவது ஏன்? மழைக்காலத்தில் நிலத்தடி நீர் கறுப்பு அடுக்குக்கு மேலே ஏறி நிற்கிறது. வாய்க்கால்களோ ஆழம் குறைந்தவை. தண்ணீர் கீழே இறங்காமல் வெள்ளை மணலுக்குள்ளேயே பக்கவாட்டில் நடந்து வாய்க்காலில் விழுந்துவிடுகிறது. தாங்கும் அடுக்கு கீழே காத்திருக்கிறது, வடியும் நீர் அதைத் தொடுவதே இல்லை. அங்கே மேய்ச்சலுக்கு வளர்க்கும் பஹியா புல்லின் வேர் மட்டும் வறட்சியில் அந்த ஆழத்துக்கு இறங்கி அங்கிருந்து பாஸ்பரஸை மேலே கொண்டுவருகிறது. மேல்மண்ணில் குறைவு என்று சீட்டில் வந்தாலும் புல் செழித்து நிற்பதற்குக் காரணம் இதுவே. அந்த நிலத்துக்கு மணிச்சத்து வேண்டுமா என்று தெரிய மண்ணோடு புல்லின் இலையையும் சோதிக்க வேண்டும்.

ஏரிக்குச் சில நூறு கிலோமீட்டர் தள்ளிக்கூட இல்லை, மத்திய ஃபுளோரிடாவின் போன் வேலி. பாஸ்பேட் பாறையை அங்கே மலைமலையாகத் தோண்டி உரமாக்குகிறார்கள். தாம்பா துறைமுகத்திலிருந்து அந்த டிஏபி இந்தியாவுக்கும் கப்பலேறியிருக்கிறது. தோண்டி எடுத்தால் திரும்பி வராத ஒன்றை ஒரு பக்கம் வெட்டிக்கொண்டும், மறுபக்கம் ஏரிக்குள் கரையவிட்டுக்கொண்டும் இருக்கிறோம். களத்தில் நிற்கும்போதெல்லாம் இது மனதை அறுக்கும்.

செய்யக்கூடியவை இருக்கின்றன. குடிநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் படிகாரம் போட்டு மிஞ்சும் கழிவுச் சேற்றில் அலுமினியம் நிறைய உண்டு. தொழுவம் இருந்த இடத்தில் அதைக் கலந்தால் மேல்மண்ணுக்கே புதிதாக இடம் உண்டாகிறது. ஆனால் படுகை முழுவதும் கொட்டும் அளவுக்கு அது கிடைக்காது, கிடைத்தாலும் கொட்ட வேண்டியதில்லை. கழித்தல் குறி வந்த இடங்களுக்கு மட்டும் போதும். ஒரு பண்ணையில் அவை பெரும்பாலும் சில ஏக்கருக்குள் அடங்கிவிடும். வரைபடத்தில் அவற்றைச் சிவப்பில் குறித்துக் கொடுப்பதுதான் எங்கள் வேலையிலேயே பயனுள்ள பக்கம் என்று நினைக்கிறேன்.

வாய்க்கால் தூர் வாருவதற்கு முன்பும் அதே துளை வேண்டும். வாரிய சேற்றைக் கரையிலேயே குவிப்பது எங்கும் உள்ள வழக்கம். பல ஆண்டு பாஸ்பரஸை வாங்கித் தேக்கிய அடிமண் அது. கரையில் கிடந்தால் அடுத்த மழைக்கே திரும்ப வாய்க்காலுக்குள் வரும். வண்டியில் ஏற்றி, இன்னும் இடம் இருக்கிற மேட்டு நிலத்துக்குக் கொண்டுபோய்ப் பரப்பச் சொல்கிறேன். டீசல் செலவு ஆகிறதே என்று பண்ணைக்காரர் தயங்குவார், நியாயம்தான். எந்தப் பகுதிச் சேற்றை அவசியம் அகற்ற வேண்டும், எதைக் கரையிலேயே விடலாம் என்று குப்பிச் சோதனையை வைத்துப் பிரித்துக் கொடுத்தால் வண்டி நடை பாதியாகக் குறையும், அவரும் ஒப்புக்கொள்வார்.